சிவப்பு மேலே, நீலம் கீழே

மருத்துவமனையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அது அவள் காதுக்கு எட்டி, வெளியே முகம் சுளித்து, உள்ளுக்குள் குளிர்ந்துபோய் வருஷம் பல ஆகிவிட்டன. ஸ்கேன் எடுப்பது, படத்தைப் பார்ப்பது, ரிப்போர்ட் எழுதுவது மூன்றும் அவள் பொறுப்பு. பதினாறு வருஷத்தில் அவள் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தப்பு என்று ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. அடுத்தவர் ரிப்போர்ட்டில் தப்புக் கண்டுபிடிப்பதோ அவளுக்குச் சாப்பாடு மாதிரி. ஒரு வேளை தவறினால் தலைவலி வந்துவிடும்.

அதற்கு வசதியாக அந்த ஸ்கேன் பிரிவில் ஒரு வழக்கமும் இருந்தது. மாதக் கடைசியில் ஒருவர் எடுத்த பத்து ஸ்கேனை இன்னொருவர் பார்த்து, சரியா தப்பா என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நோயாளியின் பெயர் மறைக்கப்பட்டு நம்பர் மட்டும் இருக்கும். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அங்கேயும் செய்தார்கள். பத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கழுகு மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். போன மாதம் கால்காரர் எடுத்த பத்தில் ஒன்பதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். பத்தாவதிலும் ஒரு குறை இருந்தது. பாவம், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கால்காரர் என்பவர் அதே பிரிவில் வேலை செய்யும் ஐம்பத்தைந்து வயது மனிதர். காலையிலிருந்து மாலை வரை கால் நரம்பு சுருண்டவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதுதான் அவருடைய வேலை. நிதானமே உருவானவர். இவர் ஒரு காலைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொரு காலில் நோய் வந்துவிடும் என்று கழுகு சொல்வாள், அவர் காது கேட்கவே சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே டீயை ஊதிக் குடிப்பார்.

வெளியே இப்படிப் பறந்த கழுகை வீட்டில் உட்கார வைக்க ஓர் ஆள் இருந்தார், அவளுடைய மாமனார். முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், பரிசோதனையிலிருந்து அல்ல. மாடிப்படி விளக்கை அணைக்காதது யார், குப்பை வாளியை மூடாதது யார் என்று குடியிருப்பு முழுக்க அவர் கண்காணிப்பில் இருந்தது. எல்லாரும் அவரைச் செக்கர் என்றுதான் சொன்னார்கள். மருமகள் வேலை முடிந்து கதவைத் திறந்தால், “எட்டு நிமிஷம் லேட்டு” என்பார். “பஸ்ஸைக் கேளுங்க மாமா, உங்க ஆளுங்கதானே ஓட்டறாங்க” என்பாள் அவள். பத்து வருஷமாக இதுதான் அவர்களுக்குள் நடக்கும் பேச்சு. செக்கரின் மகன், அதாவது கழுகின் கணவன், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருந்தான். புத்திசாலி.

செக்கருக்கு ஒரு பெருமை உண்டு. அறுபத்தேழு வயதில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் பட்டதில்லை. குடித்துவிட்டுப் படியேறும் கீழ்வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து அரைமணி நேரம் அறிவுரை சொல்லும் அளவுக்குப் பெருமை. சாப்பாட்டில் மட்டும் அவருக்குக் கட்டுப்பாடு என்ற சொல்லே தெரியாது. சர்க்கரை நோய் வந்து இருபது வருஷம் ஆகியும் மனைவி நிரப்பி வைக்கும் இனிப்பு டப்பாவோடு அவருக்கு இருந்த சிநேகம் அறுபடவில்லை. தொப்பை அவருக்கு முன்னால் நடந்து போனது.

அந்தத் தொப்பைக்குள் வலி வந்தது. பித்தப்பையில் மூன்று கல் என்றார்கள், எடுத்துவிடலாம் என்றார்கள். கூடவே, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ரத்தத் தட்டணு கொஞ்சம் குறைவு என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டே, “எதுக்கும் கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஈரலுக்குப் போற ரத்த ஓட்டத்தை டாப்ளர்ல ஒரு தடவை பார்த்துடுங்க” என்றார்.

ஈரல் என்ற வார்த்தை செக்கருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் பார் என்றார்கள். கீழ்வீட்டுக்காரர் படியில் அவரைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, “வாங்க, நம்ம கட்சிக்கு” என்று கை நீட்டினார். செக்கருக்கு அன்று சோறு இறங்கவில்லை. இனிப்பு இறங்கியது.

“ஸ்கேன் நீயே எடு” என்றார் மருமகளிடம். “கல்லீரல் நல்லா இருக்குன்னு தெளிவா எழுது. நான் நாலு பேருக்குக் காட்டணும்.”

“இருக்கறதைத்தான் மாமா எழுதுவேன்.”

“இருக்கறதைத்தான் எழுதச் சொல்றேன். கால் பார்க்கறவர்கிட்ட என் ஈரலை எதுக்குக் காட்டணும்?”

சொந்தக்காரர்களுக்கு ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவில் எழுதாத விதி. கழுகுக்கும் தெரியும். ஆனால் கால்காரரைப் பற்றிச் செக்கர் சொன்னது அவள் மனதில் இருந்ததையே பிட்டு வைத்த மாதிரி இருந்தது. பத்து வருஷத்தில் மாமனாரும் மருமகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதனாலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

டாப்ளர் ஸ்கேனில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மெஷின் நிறத்தில் காட்டும். வயிற்றில் வைத்த கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று உண்டு, போர்ட்டல் சிரை என்று பெயர். ஆரோக்கியமான ஆளுக்கு அது சிவப்பாகத் தெரியும், ரத்தம் ஒழுங்காகக் கல்லீரலுக்குள் போகிறது என்று அர்த்தம். கல்லீரல் கெட்டி தட்டிப்போனால் உள்ளே இடம் இருக்காது. குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். முற்றிப்போன சிலருக்கு, இந்த வீட்டில் நமக்கு மரியாதை இல்லை என்று ரத்தம் வந்த வழியே திரும்பிவிடும். அப்போது குழாய் நீலமாகத் தெரியும். அந்த நிலைமையில் இருப்பவர் வயிற்றில் கத்தி வைப்பது உயிரோடு விளையாடுகிற காரியம்.

மெஷினில் ஒரு பொத்தானும் உண்டு. அழுத்தினால் நிறம் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். திரையின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை எது எந்த நிறம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். சிவப்பு மேலே, நீலம் கீழே என்றால் வழக்கமான நிலைமை. கழுகுக்குச் சிறுநீரகம் பார்க்கும்போது தமனி சிவப்பாகத் தெரிந்தால்தான் திருப்தி. அதற்காகச் சில சமயம் பொத்தானை அழுத்துவாள், வேலை முடிந்ததும் மறுபடி அழுத்திப் பழைய நிலைமைக்குக் கொண்டுவருவாள். அந்தப் பழைய மெஷின் தானாக ஒன்றும் செய்யாது.

அன்று செக்கர் கட்டிலில் படுத்ததிலிருந்து வாய் மூடவில்லை. ஜெல் ஜில்லென்று இருக்கிறது, காத்திருப்போர் அறையில் கடிகாரம் மூன்று நிமிஷம் பிந்தி ஓடுகிறது, வாசலில் இருக்கும் ஆள் சீட்டைப் பார்க்காமலே உள்ளே விடுகிறான் என்று வரிசையாகப் புகார்.

“மூச்சை இழுத்துப் பிடிங்க மாமா” என்றாள்.

செக்கர் பிடித்தார். அறை அமைதியானது. பத்து வருஷத்தில் இப்படி ஓர் அமைதியைக் கழுகு அனுபவித்ததில்லை. தேவைக்கு மேல் நாலைந்து தடவை பிடிக்கச் சொன்னாள். போர்ட்டல் சிரை திரையில் கொழுகொழுவென்று சிவப்பாகத் தெரிந்தது. வேகம் கொஞ்சம் மந்தம்தான். இந்த உடம்புக்கு வேறென்ன வேகம் வரும் என்று நினைத்துக்கொண்டாள். படத்தைச் சேமித்தாள். ‘ரத்த ஓட்டம் கல்லீரலை நோக்கி, இயல்பான திசையில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

செக்கர் அந்தக் காகிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார். ஒரு வாரம் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார். கீழ்வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்துவிட்டு, நீட்டிய கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “என் மருமகள் எழுதினது. அவ எழுத்துல தப்பு வராது” என்று செக்கர் சொன்னதாகப் பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னபோது கழுகு நம்பவில்லை. நம்பாமலே இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தாள்.

ஒன்பது நாள் கழித்து, அறுவை சிகிச்சை அன்று, காலை ஆறரைக்கு அவரை மூன்றாம் மாடி வார்டில் சேர்த்துவிட்டுக் கீழே தன் அறைக்கு வந்தாள். அவருக்கு ஒன்பதரைக்கு நேரம் குறித்திருந்தார்கள். எட்டே முக்காலுக்குக் கால்காரர் டீ டம்ளரோடு வாசலில் வந்து நின்றார். இன்னொரு கையில் மாதக் கடைசிப் படிவம்.

“மேடம், ஒரு சின்னச் சந்தேகம்.”

“சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் புத்தகம் இருக்கு சார்.”

“புத்தகத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். தமனி ஈரலை விட்டு வெளியே ஓடுமா?”

“எப்படி சார் ஓடும்? இதயம் தள்ளுது, உள்ளே போகுது. தலைகீழா நின்னாலும் உள்ளேதான் போகும்.”

“நானும் அப்படித்தான் படிச்சேன்.” அவர் அவளுடைய கம்ப்யூட்டரிலேயே ஒரு படத்தைத் திறந்தார். “உங்க பத்துல ஏழாம் நம்பர். போர்ட்டல் சிரை சிவப்பா இருக்கு, சரி. ஒட்டிக்கிட்டு ஓடற தமனி ஏன் மேடம் நீலமா இருக்கு? ரெண்டும் ஒரே பக்கம்தானே போகணும்?”

மனிதர் பழிவாங்க வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒன்பது சிவப்புச் சுழிகளுக்குப் பதிலாக ஒன்றாவது கிடைத்ததே என்று மீசைக்குள் ஒரு சிரிப்பு. கழுகு அலட்சியமாகத் திரும்பிப் பார்த்தாள். கொழுத்த சிவப்புக் குழாய்க்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு இருந்தது. அவள் கண் தானாக இடது ஓரத்துக்குப் போனது. பட்டையில் நீலம் மேலே இருந்தது. சிவப்பு கீழே இருந்தது.

படத்தின் மூலையில் பித்தப்பை தெரிந்தது. அதற்குள் மூன்று கல்.

நிறம் மாறியிருக்கிறது என்றால் நீலமாகத் தெரிவதுதான் உள்ளே போகிறது. சிவப்பாகத் தெரிவது வெளியே வருகிறது. மாமனாரின் போர்ட்டல் சிரையில் ரத்தம் திரும்பி ஓடிக்கொண்டிருக்கிறது.

“பொத்தானை மாத்திட்டு அப்படியே விட்டுட்டுப் போறதே உங்களுக்கு வேலையாப் போச்சு சார்!” என்று சீறினாள். அதுதான் முதலில் வாயில் வந்தது.

“நான் கால் பார்க்கற கருவி வேற, மெஷினே வேற மேடம்” என்றார் அவர் கோபமே இல்லாமல். “உங்க மெஷினைத் தொட்டா நீங்க கையை வெட்டிடுவீங்க.” ஏழாம் நம்பருக்கு முன்னால் அதே மெஷினில் அன்று எடுத்த ஸ்கேனைத் திறந்தார். பத்து இருபதுக்கு எடுத்த ஒரு சிறுநீரகம். தமனி அழகான சிவப்பு. பட்டையில் நீலம் மேலே. எடுத்தவர் கையெழுத்து கழுகினுடையது.

திருப்பி அழுத்த மறந்திருக்கிறாள். அடுத்து மாமனார் பேச ஆரம்பித்துவிட்டார். பட்டையைப் பார்க்காத பயிற்சி மாணவர்களை அவள் எத்தனை பேரை அழ வைத்திருக்கிறாள் என்று கணக்கே கிடையாது.

“யார் மேடம் இந்த ஏழாம் நம்பர்?”

“எங்க மாமனார். ஒன்பதரைக்கு அவருக்கு ஆபரேஷன்.”

கால்காரரின் மீசைக்குள் இருந்த சிரிப்பு போய்விட்டது. டீ டம்ளரை அவள் மேஜைமேலேயே வைத்தார். அவள் மேஜையில் டம்ளர் வைத்தவர் அதுவரை யாருமில்லை.

அவள் அறுவை அரங்குக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் கால்காரர் மூலையில் இருந்த தள்ளுவண்டி ஸ்கேன் மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுற்றிவிட்டார். அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. இருவரும் மெஷினைத் தள்ளிக்கொண்டு லிப்ட்டுக்கு ஓடினார்கள்.

லிப்ட்டுக்குள் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம் மேடம். மறுபடி பார்க்கணும்னா நிறுத்திடுவாங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்” என்றார்.

நல்ல யோசனை. ஆபரேஷன் நிற்கும், உயிர் பிழைக்கும், பதினாறு வருஷப் பெயரும் பிழைக்கும். இரண்டாம் மாடி தாண்டும்வரை அவள் அந்த வார்த்தையை நாக்கில் வைத்திருந்தாள். வேறொருவர் இதைச் செய்திருந்தால், மெஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால், அவரை அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கால்காரருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்கிறாரே என்று வெட்கமாக இருந்தது.

அரங்குக்கு வெளியே இருந்த காத்திருப்பு அறையில் செக்கர் பச்சை அங்கியும் பச்சைத் தொப்பியுமாகத் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார். நர்ஸிடம் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். “ஊசி போட்டது எட்டு அம்பதுக்கு. நீ ஒன்பதுன்னு எழுதறே. பத்து நிமிஷம் எங்கே போச்சு?” மருமகளைப் பார்த்ததும், “நீ எதுக்கு வேலையை விட்டுட்டு வந்தே?” என்றார். அறுவை சிகிச்சை டாக்டர் கையுறைக்குக் கை நீட்டியபடி உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

“டாக்டர், நிறுத்துங்க” என்றாள் கழுகு. “இவருக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. போர்ட்டல் ஓட்டம் தலைகீழா இருக்கு.”

“ரிப்போர்ட்ல சரியாத்தானே இருக்கு? நீங்க எழுதினதுதானே?”

“நான் எழுதினதுதான். தப்பா எழுதிட்டேன்.”

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த மயக்க மருந்து டாக்டரும் பார்த்தார். கழுகின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

“மெஷின்ல ஏதாவது கோளாறா?” என்றார் டாக்டர், பெரிய மனசோடு.

“மெஷின் நான் சொன்னபடி கேட்டுச்சு டாக்டர். நான்தான் பட்டையைப் பார்க்கலை. முந்தின ஸ்கேனுக்கு மாத்தின நிறத்தைத் திருப்பி வைக்கலை.”

டாக்டர் கையுறையை வாங்காமல் வெளியே வந்தார். “இங்கேயே எடுங்க. நான் பார்க்கறேன்.”

கழுகு ஜெல்லை எடுத்தாள். திரும்ப வைத்தாள். கருவியைக் கால்காரரிடம் நீட்டி, “நீங்க எடுங்க சார்” என்றாள்.

“கால் பார்க்கறவரா?” என்றார் செக்கர்.

“இவர்தான் மாமா தப்பைக் கண்டுபிடிச்சார்.”

செக்கர் கால்காரரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கியைத் தூக்கித் தொப்பையைக் காட்டினார். கால்காரர் திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்து, “சிவப்பு மேலே, நீலம் கீழே” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு அவருக்கே உரிய நிதானத்தில் விலா எலும்புக்குக் கீழே தேட ஆரம்பித்தார். அந்த நிதானத்தைக் கழுகு முதல்முறையாகக் கும்பிட்டாள். செக்கர் யாரும் சொல்லாமலே மூச்சை இழுத்துப் பிடித்தார்.

தமனி நூலாகத் தெரிந்தது, சிவப்பு. பக்கத்தில் போர்ட்டல் சிரை தடித்து, மெதுவாக நகர்ந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத நீலம். கால்காரர் கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். பித்தப்பையைச் சுற்றியும் புழுக் கொத்தாகச் சின்னச் சின்னக் குழாய்கள், போக வழியில்லாத ரத்தம் தனக்குத்தானே வெட்டிக்கொண்ட குறுக்குச் சந்துகள். டாக்டரின் கத்தி முதலில் போயிருக்க வேண்டிய இடம் அதுதான்.

டாக்டர் கேஸ் தாளைப் புரட்டினார். “தட்டணுவும் கம்மி. கை வச்சிருந்தா ரத்தத்தை நிறுத்தியிருக்க முடியாது” என்றார். பிறகு செக்கரிடம் குனிந்து, நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். கல்லை இப்போது தொட வேண்டாம். கல்லீரல் டாக்டர் மதியம் வந்து பார்ப்பார். உணவுக்குழாயில் ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறதா என்று நாளைக்குக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். கால்காரர் ஜெல்லைத் துடைத்துவிட்டு, மெஷினை ஓசையில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

மாமனாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள்.

“என்னை மன்னிச்சிடுங்க மாமா” என்றாள். “இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா…”

“ஈரல் நிஜமாவே கெட்டிருக்கா?”

“கெட்டிருக்கு மாமா.”

“குடிச்சுத்தான் கெட்டிருக்குன்னு சொல்லுவாங்க.”

“சர்க்கரையாலயும் கொழுப்பாலயும் இப்படி ஆகும். நான் வீடு வீடாப் போய்ச் சொல்றேன்.”

“நீதான் ஏற்கெனவே ஒண்ணு எழுதிக் குடுத்துட்டியே” என்றார் செக்கர். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் அவளைக் குத்தியது. அவர் பச்சைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து மடித்தார். “பத்து வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேன். நீ ஒரு தப்பு பண்ணுவே, கையும் களவுமாப் பிடிக்கணும்னு. என் வயித்துலயா வந்து பண்ணுவே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அழுகையும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

நர்ஸ் பையிலிருந்து அவருடைய போனை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு தடவை அடித்துவிட்டதாம். வீட்டிலிருந்து மாமியார். அந்த அம்மாள் போனில் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

“என்னங்க, இன்னுமா உள்ளே கொண்டுபோகலை? நீங்களே எடுக்கறீங்க?”

“ஆபரேஷனை நிறுத்திட்டாங்க” என்றார் செக்கர்.

“நிறுத்திட்டாங்களா? ஏன்?”

செக்கர் மருமகளைப் பார்த்தார். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

“நான்தான்… காலையில யாருக்கும் தெரியாம ஒரு டீ குடிச்சுட்டேன். வெறும் வயித்துல இருக்கணுமாம். அதனால நிறுத்திட்டாங்க.”

அவள் சட்டென்று திரும்பினாள். போனுக்குள்ளிருந்து வசவு கொட்டியது. வயசுக்கேற்ற புத்தி இருக்கிறதா, ஒரு வேளை வாயைக் கட்ட முடியாதா, மானம் போகிறதே, அந்தப் பெண் வேலை செய்கிற இடத்தில் அவளுக்கு எவ்வளவு அவமானம் என்று மூச்சு விடாமல் கொட்டியது. செக்கர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா, தப்புத்தான். ஆமா, புத்தியில்லைதான்” என்று ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்து, நீ போ என்று கையால் சைகை காட்டினார்.

போய்விடலாம். வீட்டில் யாருக்கும் தெரிய வராது. கீழ்வீட்டுக்காரருக்குத் தெரிய வராது. உறை போட்ட காகிதம் உறைக்குள்ளேயே இருக்கும், இருவர் மானமும் அதற்குள்ளேயே இருக்கும். நாளைக் காலையில் அந்த அம்மாள் வழக்கம்போல இனிப்பு டப்பாவை நிரப்பி வைப்பாள். இவர் வழக்கம்போல அதைத் திறப்பார்.

கழுகு அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அத்தை, நான் பேசறேன். மாமா டீ குடிக்கலை. நான் ஸ்கேனைத் தப்பாப் பார்த்துட்டேன். அவருக்கு ஈரல் நல்லா இல்லை. இன்னைக்கு ஆபரேஷன் நடந்திருந்தா என்னாலதான் போயிருப்பார்.”

திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

“அப்ப டீ குடிச்சேன்னு சொன்னது?” என்றார் மாமியார் கடைசியில்.

“பொய் அத்தை.”

“அவரா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“எனக்காக” என்றாள். சொல்லும்போதுதான் அது அவளுக்கே முழுசாகப் புரிந்தது.

மாமியார் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “கல்யாணமாகி மூணாம் மாசம் அவர் செக்கிங் போன பஸ்ல நான் இருந்தேன். டிக்கெட் எங்கேயோ விழுந்து தொலைஞ்சு போச்சு. இவ டிக்கெட் வாங்கினா, நான் பார்த்தேன்னு ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். பாதி வழியில இறக்கி விட்டார் என்னை, எல்லார் முன்னாடியும். உனக்காகப் பொய் சொன்னாரா?” குரல் அழுகிறதா சண்டைக்கு வருகிறதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. “அவர்கிட்ட போனைக் குடு.”

அவள் கொடுத்தாள். செக்கர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். காது நுனி மட்டும் சிவந்தது. கழுகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதர் இன்னும் பத்து வருஷம் இருந்து தினமும் தன்னோடு சண்டை போட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதற்கு மாத்திரை, கேமரா, பத்தியம் என்று என்னவெல்லாம் வேண்டுமோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் எழுதிக்கொண்டாள். எழுதியதை இரண்டு தடவை சரிபார்த்தாள்.